முகத்துவாரத்தில் இரண்டாவது வெட்டு

பீரங்கி எங்களிடம் ஒன்றே இருந்தது.
அதையும் இரு தோணி பிணைத்து ஏற்றி வருகையில்
மண்முனைத் துறையில் வாவி வாங்கிக்கொண்டது.
ஆகவே பசியால் பிடிப்பது
என்று முடிவாயிற்று.

புலியந்தீவைச் சுற்றி எங்கள் தோணிகள்.
கோட்டைக்குள் நூற்றுச் சொச்சம் பறங்கிகள்,
அவர்களுக்குச் சோறாக்கும் நம்மவர் சிலர்,
கழுதை ஒன்று. பிற்பாடு கழுதை இல்லை.
வெளிக்கடலில் அவர்களின் கப்பல்
மாவும் வெடிமருந்துமாய்
பதினோராம் நாளும் நங்கூரத்தில் ஆடியது.
நடுவே மணல்.
ஆனியில் கடல் கொண்டுவந்து போட்டுப்
பாலமீன்மடு வாயை அடைத்த மணல்.
எங்கள் படையில் அதுதான் பெரிய வீரன்.

"மணலைக் காவுங்கள்" என்றார் திசாவை.
மலையிலிருந்து வந்தவர்.
மழை தெரியாதவர் அல்ல,
எங்கள் மழை தெரியாதவர்.

காவலுக்கு முப்பது பேர்.
நான் ஒரு கண்டல் கம்பை வாவியில் நட்டு
நீர் ஏறும் இடத்தில் கத்தியால் கீறினேன்.
மார்கழி ஐந்தில் ஒரு கீறல்.
ஏழில் மூன்று.
பத்தில் கம்பு இல்லை.

படுவான்கரை முழுக்கக் குடலைப் பயிர்.
என் தங்கச்சி நாகாத்தைக்கு
வயிற்றுவார் வழி வந்த எட்டு அவணம் அங்கே.
அவள் பெற்றதுகளுக்கு நான் மாமன்.
அந்தக் காணிக்கும் நான்தான் காவல்.

பதினோராம் இரவு வந்தார்கள்.
நாற்பது தோணி. விளக்கில்லை.
துடுப்பைத் துணி சுற்றி வலித்திருந்தார்கள்,
பறங்கிக்குக் கேட்காமலா, திசாவைக்குக் கேட்காமலா
தெரியாது.
முன்னால் தம்பாப்பிள்ளைப்போடி.
இந்தச் சண்டைக்கு அறுபது மூடை கொடுத்தவர்.
மகனை முற்றுகைத் தோணிக்குக் கொடுத்தவர்.
ஒன்றும் கேட்கவில்லை.
மடியிலிருந்து ஒரு பயிரை எடுத்து
என் கையில் வைத்தார்.
கழுத்துவரை கறுத்து, வழுவழுத்து,
அழுகல் மணம்.
"இன்னும் ரெண்டு நாள் தாங்கும்.
மறுகா வைக்கோலும் மிஞ்சாது கா."

என் கையில் ஈட்டி இருந்தது.
பத்தினியன் மணலில் குந்திவிட்டான்.
சேகுலெவ்வை மட்டும் எழுந்து
இருட்டைப் பார்த்துச் சொன்னான்:
"வெட்டுறதெண்டா தெக்கால வெட்டுங்க.
வடக்கால என்ட வலை கிடக்கு."

முதல் வெட்டு யாருடையது என்று
மறுகா மூன்று விசாரணை நடந்தது.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
இரண்டாவது வெட்டு என்னுடையது.
அதை எவரும் கேட்கவில்லை.

ஒரு சாண் வாய்க்கால்தான் தோண்டினோம்.
கோழி கூவும் நேரம் அது ஆறு.
விடிந்தபோது கரை எங்கே என்று
கரைக்கே தெரியவில்லை.
சேற்றுநீர் கடலுக்குள் நாக்கு நீட்டிப் போய்க்
கப்பலை முட்டியது. அவர்கள்
நங்கூரக் கயிற்றை அறுத்துக்கொண்டு
அடிவானம் தாண்டி ஓடினார்கள்.
கூவினோம். குரவை போட்டோம்.
பத்தினியன் என்னைத் தூக்கிச் சுற்றினான்.

அப்போதுதான் தோணிகள் வந்தன.
புலியந்தீவைச் சுற்றி நின்ற எங்கள் தோணிகள்,
கட்டறுத்து, பக்கவாட்டில், பின்பக்கமாய்,
ஆள் உள்ளவையும் இல்லாதவையும்.
கயிறு வீசினோம். ஐந்தைப் பிடித்தோம்.
பதினான்கைக் கடல் கொண்டுபோயிற்று.
போடியார் தண்ணீருக்குள் இடுப்பளவு நின்று
ஒவ்வொன்றாய்ப் பார்த்தார்.

நான்காம் நாள் கடலும் வாவியும் ஒரே மட்டம்.
கப்பல் திரும்பி வந்தது.
அதன் படகுகள்
தெற்கு வெட்டு வழியே,
நாங்கள் வெட்டிய வழியே,
மாவு மூடைகளை நனையாமல் கொண்டுபோயின.

திசாவை மலைக்குப் போய்விட்டார்.

மாசியில் அறுத்தோம்.
குறை சொல்ல முடியாத விளைச்சல்.
பத்திலொன்று கோட்டைக்கு.
வாசலில் அளந்தவன் நம்மவன்,
முற்றுகையில் கன்னம் ஒட்டிப்போனவன்.
ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் உருட்டி,
"எந்த வயல்?" என்றான்.
"தண்ணிக்குள்ள கிடந்தது" என்றேன்.
அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
மறுகா மரக்காலைத் தலைதட்டி அளந்தான்,
கும்பம் வைக்காமல்.